அத்தையின் வெள்ளைச் சேலை

கொடியில் கிடந்த வெள்ளைச் சேலையில் திட்டுத் திட்டாக ரத்தம். வாசலுக்கு வந்த ரித்திகா பதறிப்போனாள்.

கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ரத்தமில்லை, சாம்பார். கல்யாணத்துக்கென்று இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்த மாமியாரின் சேலைமேல், நேற்று மத்தியானம் அவள் கைதவறிக் கவிழ்த்த அதே சாம்பார்.

பெருந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுப்பவள் அவள். மஞ்சளில் காரம் பட்டால் சிவந்துவிடும், சோப்பும் ஒரு காரம்தான் என்று வருசா வருசம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள். அதனால் சோப்பைத் தொடாமல், எலுமிச்சை பிழிந்து அலசி வெயிலில் போட்டாள். சாயங்காலத்துக்குள் கறை பாதி வெளுத்திருந்தது, மிச்சம் காலை வெயிலில் போய்விடும் என்று தைரியம் சொன்னாள். சோப்புப் பட்டால் எவ்வளவு சிவக்கும், சீக்கிரம் போகாதா என்று மாமியார் தெய்வாத்தாள் கவலையோடு இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

இப்போது ரித்திகா மேல்கொடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே கணவன் தனபாலின் பனியன்கள் தொங்கின. அரைகுறையாக அலசிக் காயப்போட்டவள் அவளேதான். சோப்புத் தண்ணீர் சொட்டியிருக்க வேண்டும்.

கல்யாணம் நடக்கும் கோபிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லை. மறுபடி எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மஞ்சளாகும், அவ்வளவுதான். அத்தை தூக்கி வளர்த்த தம்பி மகனுக்குக் கல்யாணம். மாமா தவறி ஆறு வருசமாக, ஊர் வழக்கப்படி அத்தைக்கு வெள்ளைதான். விசேசத்துக்குக் கட்ட இருந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டில் கட்டிப் பழுப்பேறியவை.

"கெமிஸ்ட்ரி டீச்சர்னு பேரு. ஒரு கறைய எடுக்கத் தெரியல" என்று தனபால் முணுமுணுத்தான்.

தெய்வாத்தாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று மட்டும் சொல்லித் திண்டாட வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ரித்திகாவுக்கு.

பீரோவில் ஒரு கத்திரிப்பூ நிறச் சேலை இருந்தது. போன தீபாவளிக்கு அத்தைக்கென்று அவள் எடுத்தது. சனம் சிரிக்கும் என்று தனபால் முகம் சுளித்ததால் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பயந்துகொண்டே அதை நீட்டினாள்.

தெய்வாத்தாள் மகனைப் பார்த்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"வேற என்ன பண்றது? கட்டிக்குங்கம்மா."

கார் புறப்பட்டது. பின்சீட்டில் அத்தை பக்கத்தில் ரித்திகா உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் அத்தனை சொந்தமும் அத்தையை மேலும் கீழும் பார்க்கும். எல்லாம் இவளுடைய கவனக் குறைவால் வந்த வினை.

"என்னாலதானுங்க அத்தை இத்தனையும்" என்றாள், கண் கலங்கி. "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. என்னய மன்னிச்சுப்போடுங்க."

தெய்வாத்தாள் புதுச்சேலையின் முந்தானையை மடியில் நீவிவிட்டார். காரோட்டும் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தார்.

"அழுவாத கண்ணு. சோப்பப் போட்டுத் தேச்சது நானு."