அரை மணிக்கொரு கோடு

இந்தக் கதை மீது எனக்குப் பல வருடமாகச் சந்தேகம் உண்டு. ஆனாலும் மின் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லி வந்தவன் நான்தான்.

எனக்குச் சொன்னவன் மீட்டர் மாட்டுகிறவன். சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் எங்களுக்கு அவன் டெஸ்டர். புகார்ப் பிரிவில் இருக்கும் என்னைவிட அவன் பத்து வயது இளையவன்.

ஸ்மார்ட் மீட்டர் மாற்றுகிற வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. டெஸ்டர் போன ஒரு வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

"மாத்த வேண்டாம். போங்க."

"அம்மா, உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் கொடுத்திருக்கார். இதோ கையெழுத்து."

"வீட்ல இருக்கிறது நான். இருக்கிறவங்க சம்மதம் இல்லாம உள்ள வரக் கூடாதுன்னு உங்க தாள்லயே போட்டிருக்கு."

"தெருவே மாத்திடுச்சும்மா. நீங்க மட்டும் என்ன தனி ராஜ்ஜியமா?"

"ஆமா. போங்க."

"சட்டம் பேசுறதுக்குன்னே சில பேர் பொறந்து வர்றாங்க அண்ணே" என்பான் டெஸ்டர் இந்த இடத்தில். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

அவள் தாளை வாங்கி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"நுகர்வோர்னு போட்டிருக்கே, அது அவரா, நானா?"

டெஸ்டர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இதை மாட்டினா, வீட்ல எந்நேரம் எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு அவர் போன்லயே தெரியுமாமே?"

"தெரியும். அரை மணிக்கு ஒரு தடவை. கோடு மாதிரி போய்க்கிட்டே இருக்கும்."

"வீட்ல ஆள் இல்லாட்டி?"

"கோடு படுத்துடும்."

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா. டாக்டர் நாள் குறிச்சுட்டார். அந்தக் குடும்பத்தோட எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சுவார்த்தை இல்ல. அவளைப் பார்க்கப் போனா அப்படியே போயிடு, திரும்பி வராதேன்னு சொல்லிட்டார். நான் மத்தியானத்துல ஓடிப் போய், கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துட்டு வர்றேன். அவருக்குத் தெரியாது. அதுலயும் மண்ணைப் போடணுமா?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கணவன்தான். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆகிவிட்டது.

"மாத்தியாச்சா?"

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"ஏன் ஊமையா நிக்கிறே? அந்த ஆள்கிட்ட குடு."

டெஸ்டர் போனை வாங்கினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க சிக்னல் எடுக்கல. புது மீட்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல."

"பக்கத்து வீட்ல எடுக்குதே?"

"அது வேற சுவர் சார். இது கனம்."

"நல்லா பார்த்தீங்களா?"

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். பழசே இருக்கட்டும்."

'சிக்னல் இல்லை' என்று எழுதிவிட்டு டெஸ்டர் வந்துவிட்டான். பழைய மீட்டர் அப்படியே இருந்தது.

"கையெழுத்துப் போட்டவர் மட்டும் நுகர்வோர் இல்லை. உள்ளே இருக்கிறவர்களையும் பாருங்கள்" என்று நான் முடிப்பேன். போன மாதம் சேர்ந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல் இருந்தது.

காரணம், கதையின் முடிவில் டெஸ்டர் எப்போதும் சேர்க்கிற ஒரு பேச்சு.

"பாவம் அண்ணே அது. மூணு மணிக்கு வாஷிங் மெஷின் நிக்கும். அப்புறம் நாலரை வரைக்கும் கோடு தரையோட தரையா கிடக்கும். அஞ்சுக்குள்ள திரும்பி வந்து சுடுதண்ணி வைக்கும், சட்டுனு எகிறும். தினமும் அதே மாதிரி."

எவ்வளவு உன்னிப்பானவன் என்று நானும் மெச்சியிருக்கிறேன். சந்தேகம் வந்த பிறகும் ஏன் இத்தனை வருடம் அவனிடம் கேட்கவில்லை? எங்கள் ஆட்களில் ஒருவனாவது நல்லவனாக இருக்க வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்ததோ என்னவோ.

நேற்று கேன்டீனில் அவன் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"டெஸ்டர், அந்த வீட்ல பழைய மீட்டரைத்தானே விட்டுட்டு வந்தே?"

"ஆமா அண்ணே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"பழைய மீட்டர்ல கோடு ஏது?"

டீ கிளாஸ் அவன் வாய் வரை போய் நின்றது.

"அதுல மொத்தக் கணக்கு மட்டும்தான் காட்டும். மூணு மணி, நாலரை மணியெல்லாம் புது மீட்டர் மாட்டினாத்தான் தெரியும். அதுவும் மாட்டினவனுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரன் போன்ல மட்டும்தான் தெரியும்."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். சுற்றிலும் பார்த்தான்.

"நான் சொல்ற மாதிரி நடந்திருக்கக் கூடாதா அண்ணே?" என்றான் மெதுவாக.

எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் மனைவி, அவங்க அக்காவைக் கடைசியா ஒரு தடவையாவது பார்த்தாங்களா?"