பல்லியின் வயிறு

சமையலறை விளக்கடியில் குடியிருந்த பல்லி ஒன்று, ஈசல் காலத்தில் கண்டபடி தின்று கொழுத்துவிட்டது. பூனை வந்தால் ஒளிந்துகொள்ளும் சுவர் விரிசலில் தலை நுழைந்தது, வயிறு நுழையவில்லை. கதிகலங்கிப்போன பல்லி, அன்றிலிருந்து அரை வயிறுதான் சாப்பிடுவது என்று முடிவெடுத்தது.

தினமும் காலையில் விரிசலில் நுழைந்து பார்க்கும். வயிறு இடிக்கும்.

"ஒண்ணும் குறையலை. எதுக்கு இந்தப் பட்டினி?" என்று மனைவியிடம் அலுத்துக்கொள்ளும்.

"முன்னெல்லாம் கழுத்தோட நின்னீங்க. இன்னைக்கு விலா வரைக்கும் போயிருக்கீங்களே," என்றது மனைவி.

"விலா வரைக்கும் போனா பூனை விட்டுடுமா?"

ஆனாலும் அன்று மாலை, வாய்க்கு நேராக வந்த கொழுத்த பூச்சியைப் பல்லி பெருமூச்சோடு போகவிட்டது.

ஒரு மத்தியானம் அலமாரி மேலிருந்து பூனை பாய்ந்தது. பல்லி விரிசலுக்குள் தலையைக் கொடுத்து, மூச்சை அடக்கி உந்தியது. வயிறு சுவரில் உரசி எரிந்தது. ஆனால் உள்ளே போய்விட்டது. வால் மட்டும் பூனையின் நகத்தில் சிக்கி அறுந்து விழுந்தது.

பூனை போனதும் மனைவி ஓடிவந்தது. "ஐயோ, வால் போச்சே!"

"வால் முளைச்சுக்கும்," என்று உள்ளிருந்து மூச்சு வாங்கியது பல்லி. "நீ இங்க வந்து பாரு, வயிறு முழுசா உள்ளே இருக்கு."