எலும்பு இல்லை

மூளையில் ரத்தம் ஏன் கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. "எல்லா ஸ்கேனும் பாத்தாச்சும்மா. காரணம்னு ஒண்ணும் சிக்கல" என்றார் டாக்டர். மூளை வீங்கியதால் மண்டையோட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, எபனேசரின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். "வயிறுதான் எங்க ஃபிரிட்ஜ். மூணு மாசத்துல எடுத்து மாட்டிருவோம்." தலைக்கட்டின் மேல் 'எலும்பு இல்லை' என்று எழுதியிருந்தது.

மூன்று மாதமும் தவமணிதான் கணவனுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். தலையின் பள்ளம் மெல்லத் துடிக்கும். வயிற்று எலும்பு அசையாமல் கிடக்கும்.

"அத திருப்பி வைக்க வேண்டாம், தவமணி" என்றார் எபனேசர் ஒருநாள். "கோளாறு அதுலதான் இருக்கு."

"வயித்துல மண்டைய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? கால் இடறி விழுந்தா மூளைக்கு என்னங்க காவல்?"

அவள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை சட்டையைக் கழற்றியபோது, வயிற்று எலும்பின் மேல் தோல் ரத்தம் கசிந்து கன்றியிருந்தது.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கருநீலம் விரிந்து, எலும்பின் விளிம்பைத் தொட்டு நின்றது. ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்துவிட்டது. தவமணி அந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"கைய எடுங்கம்மா, நேரமாச்சு" என்றாள் நர்ஸ்.

தவமணி எடுக்கவில்லை.