நூல் சுற்றிய ஸ்பூன்

சார் படித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பக்கம். அவளைப் பற்றி மாசிலாமணி சார் எழுதிய பரிந்துரைக் கடிதம்.

எழுதியது அவள்.

“எனக்கு எங்கம்மா நேரம்? நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போட்டுடறேன்.” போன வாரம் அப்படித்தான் சொன்னார். எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் எழுதிக்கொண்டு போவார்கள்.

மூன்று நாட்கள் அவள் அறுபது வயது ஆணாக இருந்து தன்னைப் புகழ்ந்தாள். ‘என் முப்பது ஆண்டு அனுபவத்தில் இப்படியொரு மாணவியை’ என்று தொடங்கியபோது காது சுட்டது. இரண்டாவது பத்தியில் சுடுவது நின்றுவிட்டது. அதன் பிறகு வேகமாக எழுத வந்தது.

கை கால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் பிஎச்.டி. கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகம். அங்கே பனி பெய்யும் என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஊரில் நடந்துபோகிற தன்னைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

சென்ற ஆண்டு ஒரே வரியில் மறுத்திருந்தார்கள். சொந்தமாகச் சிந்தித்ததற்குச் சான்று இல்லை.

இந்த ஆண்டு சான்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில்.

சாரின் விரல் அங்கே வந்து நின்றது.

விசைத்தறி ஓட்டும் கிட்டுசாமி. பக்கவாதத்தில் வலது கை பிடியிழந்தவர். ரப்பர் பிடி போட்ட ஸ்பூன் அவர் கையில் நிற்காமல் வழுக்கியது. மாணவி, தறியின் கழிவு நூலை ஸ்பூனின் காம்பில் கனமாகச் சுற்றிக் கொடுத்தாள். நூல் என்றால் அவர் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்று கணித்தாள்.

“தறிக்காரருக்கு நூல்!” சார் கண்ணாடியைக் கழற்றினார். “முப்பது வருஷமா பாடம் நடத்தறேன். எனக்குத் தோணலையே.”

அவள் மேசையின் மூலையைப் பார்த்தாள்.

சுற்றியது கிட்டுசாமியின் மனைவி. அவள் அக்கா என்று கூப்பிடுகிறவர். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, ஸ்பூனைக் கால் கட்டைவிரலில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். நூலுன்னா வெரலு தானா மூடிக்குமுங்க என்று சொன்னதும் அக்காதான்.

அவள் அதை ஆங்கிலத்தில் எழுதினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

கையெழுத்து விழுந்தது.

“ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடும்மா. அந்த ஸ்பூன்ல அவர் சாப்பிடற மாதிரி. சேர்த்தே அனுப்பிடலாம். இன்னைக்கு அஞ்சு மணிதானே கடைசி?”

படியிறங்கும்போது, கடிதத்தில் எழுதியதை அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் படிகள் தீர்ந்துவிட்டன.

வார்டில் மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னல்கள் வெயிலில் வெறும் வெள்ளையாக இருந்தன.

அவளைக் கண்டதும் அக்கா எழுந்து வேகமாக வந்தார். கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

“அம்மிணி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

அக்கா வார்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அந்த ஸ்பூனு, நீங்க செஞ்சு குடுத்ததுன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. நான் சுத்துனதுன்னு தெரிஞ்சா தொடமாட்டாரு. வீசிருவாரு. கேக்காம உங்க பேரச் சொன்னது தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

“பரவாயில்லீங்க அக்கா.”

மன்னித்தே விட்டாள்.

அக்கா நிம்மதியாகச் சிரித்தார்.

கட்டிலில் கிட்டுசாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், “இதா, இந்த அம்மிணிதானுங்க” என்றார். “மூணு வாரமா இவ ஊட்டி வுட்டு ஊட்டி வுட்டே என்னையக் கொழந்தையாக்கிப் போட்டா. அத வுட்டா இவளுக்கு என்ன தெரியும்? படிச்சவங்களப் பாருங்க, ஒரே நாள்ல கைய மீட்டுக் குடுத்துட்டாங்க.”

பக்கத்துக் கட்டில்காரர் அவளைக் கும்பிட்டார்.

அக்கா தலைகுனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

கடிதத்தில் உண்மையை எழுதினால் அது இந்தக் கட்டில்வரை வரப்போவதில்லை. ஆங்கிலம். நடுவில் ஒரு கடல். அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். அக்காவின் ரகசியம் பத்திரமாகத்தான் இருக்கும்.

அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

மணி ஒன்றரை. மாற்றி எழுத நேரமும் இருந்தது.

“காலேஜுக்கு ஒரு படம் வேணுங்க” என்று கைபேசியை உயர்த்தினாள்.

கிட்டுசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். விரல்கள் நூலின் மேல் மூடின. ஸ்பூன் எழுந்தது. நடுங்கியது. இரண்டு பருக்கை சிந்தி, வாயை அடைந்தது.

எடுத்துவிட்டாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். “என்ற கை படத்துல விழுந்துருச்சுங்களா?”

விழுந்திருந்தது. கிண்ணத்தைக் கணவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்த கை. படத்தின் ஓரத்தில், ஒற்றை வளையலோடு.

“அத வெட்டிருங்க அம்மிணி. பெரியவங்க பாக்கற படம்.”

“சரிங்க அக்கா.”

வராந்தாவில் நின்று வெட்டினாள். வளையல் போயிற்று. மணிக்கட்டு போயிற்று. கடைசியாக விரல்கள்.

படத்தில் கிட்டுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிண்ணம் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாரும் பிடிக்காமல்.