லீனா தனியாகக் கட்டிய லினக்ஸ்

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. நீ என்னடான்னா கேமை ஓட விட்டுட்டு பால்கனியில போன் நோண்டிட்டிருக்க!"

லீனா போட்ட சத்தம் காக்ஸ் டவுன் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"டீ போடட்டுமா?" என்றான் அவள் கணவன் நீல்.

"அது ஒண்ணுதான் குறைச்சல்!"

ஒரு வாரமாக இதே கதை. ஹாலில் அவனுடைய பெரிய கம்ப்யூட்டர் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஐயா பால்கனியில் ஹாயாக உட்கார்ந்திருப்பார்.

குழந்தைக்காக வேலையை விட்டிருந்த லீனாவை பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. இன்டர்வியூவுக்கு முன் ஒரு வேலையும் தந்திருந்தது. விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ்தான், ஆனால் ரெடிமேட் கூடாது. சோர்ஸ் கோடிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நாமே கட்டிக்கொள்ளும் லினக்ஸில் இரண்டு வகையைப் போட்டுப் பார்த்து, புதிதாக வருபவருக்கு எது தோது என்று சொல்ல வேண்டும்.

முதலில் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' கட்டினாள். பழைய லேப்டாப் தோசைக்கல்லாய்ச் சுட்டது. ஒவ்வொரு பகுதியும் கட்டி முடிவதற்குள் உயிர் போனது. இன்டர்வியூவே வேண்டாம் என்று அழுதுவிட்டாள்.

உதவ வந்த நீலையும் விரட்டினாள். "ஒரு கமாண்ட்கூட சொல்லித் தராதே. நானே செஞ்சாத்தான் அங்க பதில் சொல்ல முடியும்."

அடுத்தது 'ஜென்டூ'. வைஃபை மட்டும் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அதற்காக இப்படியா ஒதுங்குவது?

நல்லவேளை, ஜென்டூ பறந்தது. அதே லேப்டாப்தான், சூடே இல்லை. பிரவுசர் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் தைரியமாகப் போகலாம்.

சட்டென்று கரண்ட் போனது. ஹாலில் இரைச்சல் அடங்கியது.

"போனா போகட்டும், என் லேப்டாப்ல சார்ஜ் இருக்கு" என்று திரும்பினாள்.

திரையில் சரசரவென ஓடிய வரிகள் நொண்ட ஆரம்பித்தன. லேப்டாப் சுடத் தொடங்கியது.

பால்கனியிலிருந்து நீல் பதறியடித்து ஓடி வந்தான்.

"என்ன, கேம் போச்சா?"

அவன் லேப்டாப்பை மூடப் பார்த்தான். அதற்குள் அவள் படித்துவிட்டாள். ஒரே எச்சரிக்கை, திரும்பத் திரும்ப: 'வேலையை நீலுக்கு அனுப்ப முடியவில்லை. இங்கேயே செய்கிறேன்.'

நீல் என்பது அவன் தன் கம்ப்யூட்டருக்கும் வைத்திருந்த பெயர்.

"வைஃபை போட்டப்பவே ரெண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துட்டியா?"

"கமாண்ட் எல்லாம் நீ போட்டதுதான் லீனா. பாரம் இழுத்தது மட்டும்தான் என் மெஷின். அதுக்கு இடைஞ்சலா கேம்கூட ஓட விடல, அதான் பால்கனியில..."

இந்த மனுஷனையா ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்தோம்!

"உக்காரு. டீ நான் போடறேன்."

டீ ஆறுவதற்குள் கரண்ட் வந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்தே பிரவுசரை முடித்தன.

மறுநாள் இன்டர்வியூவில் லீனா எதையும் மறைக்கவில்லை. "ஜென்டூ பறந்ததுக்குக் காரணம் ஜென்டூ இல்ல மேடம்" என்று நடந்ததை அப்படியே சொன்னாள்.

இன்டர்வியூ எடுத்த சொர்ணம் மேடம் சிரித்தார். கட்டிய விதம் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார். லீனா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"ஒண்ணாம் தேதி வந்து சேருங்க. ஆனா புதுசா வர்றவங்களுக்கு எது தோதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே?"

"எதுவானாலும் சரி மேடம். வீட்டுல ஒரு நீல் இருக்கணும்."