படுக்கையறைக் கையிருப்பு

"தையல், இனிமே நீயும் நானும் ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்."

"படுத்தா என்ன, நெருங்கிப் படுக்கலாம்."

பேரிடரில் சரக்கு தடைபடாதிருக்க, வீட்டுக்கொரு பொருளைச் சேமிக்க அரசு சொன்ன நாளில் நானும் என் கணவர் சபாநாயகமும் பேசிச் சிரித்தது அது. எங்கள் பங்கு முந்நூறு டயாலிசிஸ் வடிகட்டிகள்; பெட்டிகள் படுக்கையறையை அடைத்துக்கொண்டன. அவருடைய சிறுநீரகங்கள் அப்போது பழுதாகவில்லை.

இப்போது புயலால் துறைமுகம் மூடிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் வடிகட்டி தீர்ந்து ஐந்து நாள். அவருக்குக் கால்கள் வீங்கிவிட்டன. நான் பெட்டியைப் பிரிக்கப் போனாலே, "அது நம்மளோடது இல்ல" என்று தடுத்துவிடுவார்.

இன்று பெட்டிகளை எடுக்க அரசு வண்டி வந்தது. நான் வாசலை மறித்து நின்றேன்.

"மொத்தமும் பூகம்பம் வந்த நாட்டுக்கு விமானத்துல போகுதும்மா. வழிவிடுங்க."

"புயல் எங்களுக்கும்தான் அடிச்சுது. எங்க ஊருக்கு வச்சிட்டு மிச்சத்தை எடுங்க."

உள்ளேயிருந்து அவர் சுவரைப் பிடித்தபடி வந்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணு வேணும். நான் இவகூட இன்னும் வாழணும்."