சத்தம் போட்டுப் படி

தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதி நொறுங்கியது. "அய்யோ, அடிக்காதீங்க!" என்று அனிஷா போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மூன்று நாளாக இதே கூத்து! இரும்புக் கம்பியோடு ஓடியவர், சும்மா சாத்தியிருந்த கதவை எட்டி உதைத்தார். அவள் புருஷன் இனிகோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, விட்டார் ஓர் அறை. அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"ஏலே, பொம்பளை மேலயா கை வைக்கிற? கொன்னுபுடுவேன்!"

"அண்ணே, விடுங்கண்ணே! அவரு எனக்குப் பாடம் சொல்லித் தாராருண்ணே!" என்று குறுக்கே விழுந்தாள் அனிஷா.

பாடமா? மைதீன் பிச்சை விழித்தார். அவள் நோட்டை நீட்டினாள்.

அனிஷா நர்ஸ். சனிக்கிழமை அவளுக்கு ஜெர்மன் பரீட்சை. பாஸானால் அடுத்த மாதம் விமானம். அந்த மொழியில் சில வினைச்சொற்கள் எந்த விதிக்கும் அடங்காதவை. நெட்டுருப் போட்டே ஆக வேண்டும்.

"எறியுறதுக்கு வெர்ஃபன், வார்ஃப், கெவோர்ஃபன். சும்மா படிச்சா மண்டையில நிக்கலண்ணே. எறிஞ்சு, உடைச்சு, அடி வாங்குற மாதிரி கத்தி நடிச்சுப் படிச்சா மறக்காதுன்னு இவருதான் சொன்னாரு. அடியெல்லாம் தலகாணிக்குத்தான்."

கட்டிலில் தலையணை பஞ்சு பிதுங்கிக் கிடந்தது.

"ஜன்னலையாவது சாத்தக் கூடாதா, தங்கச்சி?"

"சாத்தத்தான் போனேன். தொறந்தே கெடக்கட்டும், கூச்சம் போகணும்னுட்டாரு."

மைதீன் பிச்சையை வெட்கம் பிடுங்கித் தின்றது. போன மாதம் வரை 'ஜெர்மனியாவது மண்ணாங்கட்டியாவது' என்று தெருவில் நின்று குதித்தவன் இந்த இனிகோ. இன்று பெண்டாட்டிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான். அந்த மனுஷனைப் போய் அடித்துவிட்டோமே!

"மன்னிச்சுக்க அப்பு. இனிமே என்ன சத்தம் கேட்டாலும் எட்டிப் பாக்க மாட்டோம். தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

"பரவால்ல பாய்" என்று இனிகோ கும்பிட்டு அனுப்பிவைத்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அனிஷா ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள். "பாவம், எனக்காக அடி வாங்கிட்டீங்களே! ரொம்ப வலிக்குதா?"

அவன் அவள் கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்தான்.

"ஜெர்மனிக்கா போற? இப்பக் கத்துடி, எவன் வாரான்னு பாப்போம்."